அறவேந்தன் மதிலில் இல்லை

அறவேந்தனைக் கொல்வதா விடுவதா என்று வாக்கெடுக்கப் போகிறோம் என மங்கையற்கரசி அன்ரி அறிவித்தபோது என் வாயில் பாதிப் பற்றிஸ் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஏன் அன்ரி? அவன் என்ன பிழை செய்தவன்?"

"ஒரு பிழையும் செய்யேல்லை. அதுதான் பிள்ளை பிரச்சினை."

அறவேந்தன் என்னுடைய ஆள். நான் எழுதுகிற ஆள் என்று சொல்ல வேண்டும். 'கதைக்கூடம்' என்று இணையத்தில் ஒரு தளம். அதில் இரண்டு வருடமாக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கதை எழுதி வந்தோம். வெண்ணாவல்துறை என்று ஒரு துறைமுகப் பட்டினம், கடலில் எதிரி, மதிலுக்குள்ளே சனம். ஆளுக்கு ஒரு பாத்திரம். உன் பாத்திரம் சொல்வதையும் செய்வதையும் மட்டும் நீ எழுதி நிறுத்த வேண்டும். அடுத்தவர் அங்கேயிருந்து தொடங்குவார். ஒருவர் பாத்திரத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்பது இரும்புச் சட்டம். வில்லன் வாளை ஓங்கினான் என்று வில்லனை எழுதுகிறவர் எழுதலாம். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை வெட்டு வாங்குகிறவர்தான் எழுதுவார். வாக்கெடுத்தால் மட்டுமே ஒருவனைக் கொல்லலாம். செத்தவனை எழுதியவர் கதை முடியும்வரை வெளியே.

யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம். என்னைத் தெரிந்த எவரும் எனக்கு வில்லனைத்தான் தந்திருப்பார்கள். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. பஸ்ஸில் வரிசை குலைத்த ஒரு மனிதரை மார்க்கம் றோட்டில் இருந்து ஸ்ரீல்ஸ் வரை திட்டிக்கொண்டு போனவள் நான். ஆனால் சீட்டு எனக்குத் தந்தது கதாநாயகன் அறவேந்தனை. பொய் சொல்லான், களவு செய்யான், கோபப்படான். பெயரைப் பாருங்கள், பெயரிலேயே கொட்டாவி வருகிறது.

வில்லன் மதங்கன் யாருக்குப் போனான் தெரியுமா? குலசிங்கம் அண்ணைக்கு. பிக்கரிங்கில் இருந்து தினமும் ரயிலில் ரொறன்ரோ டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய் வருகிற மனிதர். தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்பார். அந்த மனிதர் ரயிலில் இருந்தபடியே மதங்கனை எழுதி அனுப்புவார், வாசிக்க எனக்கு மயிர்க்கூச்செறியும். மூன்றாவது ஆள் பிரவீண், சென்னைப் பொடியன், மார்க்கம் நகரத்தில் கொம்பியூட்டர் வேலை. அவன் படைத்தலைவன். அன்ரி ராஜமாதா பெரியதேவி. தளத்தை நடத்துகிற ராஜமாதாவும் அவதான்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை பின்னேரம் ஸ்காபரோவில் அன்ரியின் பதினாலாம் மாடி அப்பார்ட்மென்டில் கூடுவோம். எப்போதும் அங்கேதான். இந்த வருடம் ஒரு தரமாவது கோப்பிக் கடையில் சந்திப்போம் என்றால் வரமாட்டா. சாமான் வாங்கக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் அனுப்புவா. ராஜமாதா எழுதி எழுதிப் பழகி, மற்றவர்கள்தான் தன்னிடம் வரவேண்டும் என்று நினைக்கிறா என நாங்கள் லிஃப்டில் பகிடி பண்ணுவோம்.

"எனக்குப் போர் அடிக்குது அக்கா," என்றான் பிரவீண். "தப்பா எடுத்துக்காதீங்க. அவர் சரியானதைத்தான் செய்வார்னு முதல்லயே தெரியுது. அப்புறம் எதுக்குப் படிக்கணும்? என் வோட்டு கொல்றதுக்கு. அடுத்த வாரம் அப்பா அம்மாவோட நயாகரா போறேன், இப்பவே போட்டுடறேன்."

"நான் விடச் சொல்லிப் போடுறன்," என்றார் குலசிங்கம் அண்ணை. "அவன் செத்தால் மதங்கன் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

ஒன்றுக்கு ஒன்று. எழுதுகிறவளுக்கு வாக்கு இல்லை. மிச்சம் அன்ரி.

அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தா. "என்ர வாக்குக்குப் பொறு. இந்த மே மாசத்துக்குப் பிறகு நல்லவன் எண்டு ஒருத்தனைக் காட்டினால் ஆர் நம்புவினம்? எனக்கெண்டால் அவனைக் கண்டாலே எரிச்சல் வருது. ஆனா பிள்ளை, நீ அண்டைக்கு அந்த ஹைவேயில ஏறி நிண்டனி. என்ர கண்ணால கண்டனான், சிவப்பு ஜாக்கெற். அதுக்காக உனக்கு ஒரு கிழமை தாறன். அவனை வாசிக்கக்கூடிய ஒருத்தனா ஆக்கிக் காட்டு. எப்பிடியும் நான் உன்ர பக்கம்தான், சரியோ?"

"தாங்ஸ் அன்ரி," என்றேன். மிச்சப் பற்றிஸ் அப்போதுதான் இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அந்த நெடுஞ்சாலையில் ஏறவில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதம் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வன்னியில் போர் கடைசி நாட்களில் இருந்தது. ரொறன்ரோத் தமிழ்ச் சனம் போரை நிறுத்தச் சொல்லிப் பிள்ளை குட்டிகளோடு, ஏரியோரம் பாலமாக ஓடும் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தது. பிறகு கேட்டால் எல்லோரும் ஏறினவர்கள்தான். ஏறினோம் என்று சொல்கிற அத்தனை பேரும் உண்மையிலேயே ஏறியிருந்தால் பாலம் இடிந்து ஏரிக்குள் போயிருக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு தாய் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஏறியதையும் நான் முன் சில்லில் பிடித்துத் தூக்கியதையும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்த வண்டிலை நான் செய்திப் படத்தில் பார்த்தேன். எனக்குக் கதை சொல்ல வரும், அதுதான் வினை.

அன்ரி என்னைக் கண்டதாகச் சொன்னது எனக்கே ஆச்சரியம். வேறு யாரோ சிவப்பு ஜாக்கெற்காரியை நானென்று நினைத்துவிட்டா, என் நல்ல காலம் என்று விட்டுவிட்டேன். போதாததற்கு அதே கதையை அறவேந்தனுக்கும் போட்டோம். கடற்கதவு உடைந்த நாளில் அவன் மதிலில் தனியே நின்றான் என்று ஊர் பாடுவதாகப் படைத்தலைவன் சொன்னான். "என் கண்ணால் கண்டேன்" என்றா பெரியதேவி.

அறவேந்தன் செத்தால் எனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். மாசியில் இருந்து ரோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. இந்த ஒருத்தனையாவது காப்பாற்றுவது என் கையில் இருந்தது. அவனை விட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவனுக்குத் தோளில் ஒரு காயம் கொடுத்தேன். ஒருவரும் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை, ஒருவரும் எழுதாத பாத்திரமான அவனுடைய தாயைச் சாகடித்தேன். பிரவீண் கீழே ஒரு கொட்டாவிப் படம் போட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த இடத்திலேயே படைத்தலைவனையும் சாகடிக்கச் சட்டம் விடவில்லை.

சரி, இவனை வெளியே இருந்து பார்த்தால் விளங்காது, இவனைப் போல இருந்து பார்ப்போம் என்று தீர்மானித்தேன். புதன்கிழமை தொடக்கம் பொய் சொல்வதில்லை.

நான் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். காலை ஒன்பதே காலுக்கு இராஜரட்ணம் ஐயா போன் எடுத்தார். கிழமைக்கு மூன்று தரம் எடுத்து, கட்டின பல் கதைக்கும்போது சத்தம் போடுகிறது என்று டொக்டரோடு அரைமணி நேரம் கதைக்கிறவர். டொக்டர் உள்ளே இருந்து இல்லையென்று கையைக் காட்டினார்.

"டொக்டர் இருக்கிறாரோ பிள்ளை?"

"இருக்கிறார் ஐயா. உங்களோட கதைச்சால் தலையிடிக்குதாம், இல்லையெண்டு சொல்லச் சொல்லிக் கையைக் காட்டுறார்."

அன்று மத்தியானத்துக்குள் இராஜரட்ணம் ஐயா தன் குடும்பத்தில் பதினொரு பேரின் பற்களையும் வேறு கிளினிக்குக்கு மாற்றிவிட்டார். டொக்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குப் போனேன். பெரிய மண்டபம், முந்நூறு பேர், பிள்ளை நித்திரை. வீடியோக்காரர் மைக்கை நீட்டி வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

"பிள்ளையின்ர பேர் எனக்குத் தெரியாது. அம்மா வரச் சொன்னா, வந்தனான். மட்டன் ரோல்ஸ் நல்லம். மற்றதெல்லாம் சரியான இழுவை," என்றேன்.

அது அந்தப் பிள்ளையின் கலியாண வீடு வரை டிவிடியில் இருக்கும். அம்மா காரில் ரேடியோவைச் சத்தமாகப் போட்டா. எனக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டு சம்பவத்தையும் பட்டினத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிப் போட்டேன். அறவேந்தன் தூதுவரிடம் உண்மை சொல்கிறான், விருந்தில் உண்மை சொல்கிறான். சனிக்கிழமை காலை குலசிங்கம் அண்ணை போன் எடுத்தார்.

"நல்லாச் சிரிச்சன் துவாரகா. ஆனா ஒண்டு கேக்கலாமோ? கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ அண்ணை. கோவிப்பனோ இல்லையோ எண்டு கேட்ட பிறகு சொல்லுறன்."

"உவன் உண்மை சொன்னான், தூதுவருக்கு மானம் போச்சு. உண்மை சொன்னான், விருந்து வைச்சவனுக்கு முகம் கறுத்துது. எல்லாம் மற்ற ஆக்களுக்குத்தானே நட்டம். உவனுக்கு என்ன போனது?"

எனக்கு ஏறிவிட்டது. "அவன் நல்லவன் அண்ணை! நல்லவனுக்கு ஏன் நட்டம் வரவேணும்?"

"மதங்கனை நான் எழுதேக்கை ஒவ்வொரு நாளும் எனக்கு வெக்கமா இருக்கும், உதெல்லாம் எனக்குள்ள இருந்துதானே வருது எண்டு. உமக்கு அறவேந்தனை எழுதேக்கை ஒருநாளாவது வெக்கம் வந்ததோ?"

போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சுவருக்குச் சொன்னேன். விசர் மனுசன், ரயிலில் இருந்து கொலை எழுதுகிற ஆள் எனக்கு வெட்கத்தைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார். இரண்டு தேத்தண்ணி குடித்த பிறகுதான் கோபம் இறங்கியது. இறங்கியதும் அடியில் அந்த ஞாயிற்றுக்கிழமை கிடந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நாளுக்கு மேலாக வேலை முடிய நேரே போய் ரோட்டோரம் நின்று நின்று எனக்குப் போதும் என்றாகிவிட்டது. பின்னேரம் போனில் தகவல்மேல் தகவல் வந்தது, உடனே வா, எல்லோரும் ஏறுகிறார்கள் என்று. போனை நிறுத்தினேன். ஸ்காபரோவில் ஒரு தியேட்டருக்குப் போய்ப் பெரிய பெட்டிச் சோளப்பொரி வாங்கிக்கொண்டு ஒரு பகிடிப் படம் பார்த்தேன். வெளியே வந்து போனைப் போட்டபோது அறுபத்துமூன்று தகவல்கள்.

இதை எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்ரி என் பக்கம் நிற்பதே நான் ஏறினேன் என்றுதான். சொன்னால் அந்த வாக்கும் போகும், அறவேந்தனும் போவான், நானும் வெளியே. சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவன் பிழைப்பான், என் பொய்யில் பிழைப்பான்.

பழைய பதிவுகளையெல்லாம் திறந்து பார்த்தேன். மதிலில் நின்றேன் என்று அறவேந்தன் தன் வாயால் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஊர் சொன்னது, அவன் பேசாமல் இருந்தான். நான் அவனைவிட மோசம், வண்டிலும் சில்லும் வைத்துச் சொன்னவள். சமையலறை மேசையில் இருந்து எழுதினேன்.

"வெண்ணாவல்துறை மக்களே, கடற்கதவு உடைந்த நாளில் நான் மதிலில் நின்றதாகப் பாடுகிறீர்கள். நான் நிற்கவில்லை. நாற்பது நாள் நின்றேன். நாற்பத்தோராம் நாள் என்னால் முடியவில்லை. கிழக்கு வாசலுக்கு வெளியே கூத்துக்காரர் கொட்டகை போட்டிருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். சங்கு ஊதியது கேட்டது. காதைப் பொத்தினேன். பிறகு சிரித்தேன். நீங்கள் பாடியபோது மறுத்திருக்கலாம். பாட்டு நன்றாக இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அதைப் பாட வேண்டாம்."

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதிவின் அடியில் ஒரு கோடு கீறி, கோட்டுக்குக் கீழே எழுதினால் அது பாத்திரத்தின் பேச்சல்ல, எழுதுகிறவரின் சொந்தப் பேச்சு. நான் கோடு கீறினேன். 'நானும் கார்டினரில் ஏறவில்லை. அன்றைக்குப் படம் பார்த்தேன். வண்டில் கதை பொய். துவாரகா.' அனுப்புகிற பொத்தானை அமத்திவிட்டு எழும்பிப்போய் இருந்த பாத்திரம் எல்லாம் கழுவினேன், கழுவின பாத்திரத்தையும் கழுவினேன்.

ஒரு மணித்தியாலத்தில் நயாகராவில் இருந்து பிரவீண் கோட்டுக்குக் கீழே எழுதியிருந்தான். 'அக்கா, உண்மையை மறைச்சவன்னு தெரிஞ்சப்புறம்தான் அவன் நல்லவன்னு நம்பறேன். என் வோட்டை மாத்திக்கலாமா?' அடியில் அன்ரி ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தா. 'ஏலாது.' அறவேந்தன் முடிந்தான் என்று நினைத்தேன்.

பிறகு மதங்கன் வந்தான். "அறவேந்தா, அன்று என் கப்பலில் இருந்து நாள் முழுக்க மதிலைப் பார்த்தேன். உன்னைக் காணவில்லை. பெரியதேவியையும் காணவில்லை." அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே குலசிங்கம் அண்ணை: 'நான் கார்டினரில் ஐந்து மணித்தியாலம் நின்றேன். சொல்ல விருப்பமில்லாததால் சொல்லவில்லை.'

இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஏறாத என்னை அன்ரி எப்படிக் கண்டிருப்பா? வேறு யாரோ சிவப்பு ஜாக்கெற்காரியை அல்ல. அவ ஒருவரையுமே காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் குலசிங்கம் அண்ணையும் பதினாலாம் மாடிக்குப் போனோம். லிஃப்டில் பகிடி வரவில்லை. அன்ரி கதவைத் திறந்துவிட்டு, தன் வழக்கமான கதிரையில் போய் இருந்தா. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் வீட்டுப் போன் இருக்கும். இரண்டு வருடமாகப் பார்க்கிற மேசை.

"வாக்கைச் சொல்லிப்போடுறன்," என்றா. "எப்பிடியும் உன்ர பக்கம் எண்டு சொன்னனான் எல்லே? அது பொய். உனக்கு ஒரு கிழமை தந்தது சும்மா சாட்டு, அவனைக் கொல்லத்தான் இருந்தனான். எப்ப பாத்தாலும் மதிலில நிண்டவன் மதிலில நிண்டவன் எண்டு, அவனை வாசிக்க வாசிக்க எனக்குக் குத்தும். இப்ப அவன் இருக்கட்டும்."

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. துள்ளவில்லை.

"நான் அண்டைக்கு இந்தக் கதிரையில இருந்தனான் பிள்ளை. தங்கச்சி வன்னிக்குள்ள. பங்குனி கடைசியில ஒருக்கா எடுத்தவள், திரும்ப எடுக்கிறன் அக்கா எண்டு வைச்சவள். இந்த நம்பர்தான் அவளுக்குத் தெரியும். ரிவியில சனம் ஹைவேயில ஏறுது, எனக்கு எழும்பேலாமல் இருக்கு. பேந்து எல்லாரும் கேக்கினம், நீங்கள் நிண்டனீங்களோ எண்டு. சொந்தத் தங்கச்சி அங்க கிடக்க நிக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீ நிண்டனி எண்டு சொன்னாய், நான் உன்னைக் கண்டனான் எண்டு சொன்னன். உன்ர கதைக்குள்ள நானும் ஏறி நிண்டிட்டன்."

"பேந்து எடுத்தவவோ அன்ரி?"

"இல்லை."

ஆவணி மாதம் வந்துவிட்டது. போர் முடிந்து முகாம்களுக்குப் போனவர்கள் எப்படியாவது ஒரு போன் எடுத்துவிட்டார்கள். அது அன்ரிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ராஜமாதா மற்றவர்களைத் தன்னிடம் வரவைக்கிறா என்று லிஃப்டில் சிரித்த என் வாயில் நானே அடித்திருப்பேன்.

அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. "அண்டைக்குப் பாத்த படம் என்ன மாதிரி?"

நல்ல படமில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "பகிடிப் படம் அன்ரி. நல்லம்."

"சிரிச்சனியோ?"

"ஓம். வயிறு நோகச் சிரிச்சன்."

நான் செருப்பைத் தேடத் தொடங்கினேன்.

"அப்ப என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவன்," என்றா அன்ரி. "இண்டைக்கே. நாளைக்கு எண்டால் போகமாட்டன்."

சொல்லிவிட்டு எழும்பினவ போனைப் பார்த்ததும் திரும்ப இருந்துவிட்டா. குலசிங்கம் அண்ணை தன் தோள்பையைக் கழற்றினார். ரயிலில் எழுதுகிற கொப்பியை எடுத்தார். வேறொரு கதிரையை இழுத்து அந்தச் சின்ன மேசைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ அன்ரி. நான் இருக்கிறன். வாறதுக்குள்ள அறவேந்தனுக்கு நல்லதொரு பொறி வைச்சு முடிப்பன்."

அன்ரி கோட்டைப் போட்டு, ஆவணி வெயிலுக்குக் கோட்டு எதற்கென்று கழற்றி, தலைமயிரைச் சீப்பால் இழுத்துவிட்டு, கதவடியில் நின்று திரும்பினா.

"குலசிங்கம், அவள் எடுத்தால் நான் குளிக்கிறன், கோயிலுக்குப் போயிட்டன் எண்டெல்லாம் சொல்லாதையும். அக்கா படத்துக்குப் போயிட்டா எண்டே சொல்லும். எட்டரைக்கு வந்திடுவா எண்டு சொல்லும்."

"ஓம் அன்ரி," என்றார் அவர். போனை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்தார்.